ஆஸ்திக முதல்வர் ஓமந்தூர் ராமஸாமி ரெட்டியார்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

உடையார்பாளையம் என்னும் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் ஸ்ரீவைஷ்ணவர்களின் நெஞ்சில் முதலில் எழுவது காஞ்சி தேவப்பெருமாளின் நினைவேயாகும். மொகலாயப் படையெடுப்பின் அச்சத்தால் 1688-ஆம் ஆண்டில் பேரருளாளனின் உத்ஸவ மூர்த்தி காஞ்சியிலிருந்து ரஹஸ்யமாக எழுந்தருளப் பண்ணப்பட்டு, இப்பாளையத்துக் காடுகளின் நடுவே இருபது ஆண்டுகளுக்கு மேல் காப்பாற்றப்பட்டதும், அத்தான் ஜீயரின் பெருமுயற்சியாலும் அவருடைய சிஷ்யரான லாலா தோடர்மாலின் படைபலத்தாலும் 1710-இல் மீண்டும் ஹஸ்திகிரிக்கு எழுந்தருளியதும் ஆஸ்திகர்கள் நன்கறிந்த செய்திகள். பெருமாளைத் திருப்பி அனுப்ப அக்காலத்துப் பாளையக்காரருக்கு மனம் இசையவில்லை என்பர். இசையாதது இயல்பே. வீட்டிற்கு வந்த நிதியை யார்தான் எளிதில் விடுவர்?

அந்தப் பாளையக்காரர் மரபே பிற்காலத்தில் ஜமீன் என்னும் பெயர் பெற்று, கனம் கிருஷ்ணய்யர் போன்ற ஸங்கீத மேதைகளை ஆதரித்து, கோயில்களுக்கும் வித்வான்களுக்கும் வாரி வழங்கி, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் இச்சீமையில் நிலைத்திருந்தது. பின்னர் ஒரு சட்டத்தால் ஜமீன் முறையே இந்நாட்டிலிருந்து நீங்கிற்று. அச்சட்டத்தை நிறைவேற்றுவித்த முதல்வர் தெய்வ நம்பிக்கையற்றவரோ, பழமையை வெறுத்தவரோ அல்லர். நாள் தவறாது இறைவனை வழிபட்டு, மகான்களின் திருவடியை நாடிய ஓர் உழவர். கோயிலின் வாயிலை எல்லா ஹிந்துக்களுக்கும் சட்டத்தின் பலத்தோடு திறந்து வைத்தவரும் அவரே. அவருடைய சரித்திரம் இவ்வூரார் அறிந்திருக்க வேண்டிய சரித்திரமாகும்.

ஓமந்தூர் பெரியவளைவு ராமஸாமி ரெட்டியார், தென்னார்க்காடு ஜில்லா திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் 1895-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் முதல் நாளில் ஓர் உழவர் குடும்பத்தில் அவதரித்தார். திண்டிவனத்துப் பள்ளியில் பயின்றதோடு அவருடைய ஏட்டுக் கல்வி நின்றது. வக்கீல்களும் பட்டதாரிகளுமே அரசியலில் முன்னின்ற அந்நாளில், ஏரும் மாடும் அறிந்த ஒருவர் காந்தியடிகளின் அழைப்பைக் கேட்டுக் கதருடுத்தி, கிராமம் கிராமமாகச் சென்று தேசத்தொண்டு செய்தார், சிறையும் புகுந்தார். வாதத் திறமையோ மேடை ஜாலமோ அவரிடம் கிடையாது. சொன்ன சொல் தவறாதவர் என்ற ஒரே கீர்த்திதான் அவரை மேலே கொண்டு வந்தது.

1947-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஆந்திர கேஸரி பிரகாசம் அவர்களின் மந்திரி சபை வீழ்ந்தபோது, சென்னை மாகாணம் என்பது இன்றைய தமிழ்நாடு மட்டுமன்று. ஆந்திரக் கடற்கரையும், ராயலஸீமையும், மலபாரும், தென் கன்னடமும் அதனுள் அடங்கியிருந்தன. நான்கு பாஷைக்காரர்கள் கூடிய சட்டசபையில் எந்தக் கட்சிக் குழுவுக்கும் முழு வலிமை இல்லாத நிலையில், பதவியை நாடாத ரெட்டியாரிடமே பதவி வந்து சேர்ந்தது. அவ்வாண்டு மார்ச்சு 23-ஆம் நாள் அவர் மாகாணத்தின் பிரதம மந்திரியானார். இக்காலத்து வழக்கில் முதலமைச்சர் என்க. ஐந்து மாதங்களுக்குள் தேசம் விடுதலை அடைந்தது. 1947 ஆகஸ்டு 15-ஆம் நாளில் சென்னை மாகாணத்தின் ஆட்சிப் பொறுப்பில் இருந்தவர் திருவண்ணாமலை ரமண மகரிஷிகளிடமும் வடலூர் வள்ளலாரின் நெறியிலும் ஈடுபட்ட இந்த உழவரே. ஸ்ரீரங்கத்தில் பிறந்த ஸ்ரீவைஷ்ணவரான டாக்டர் தி. சே. சௌ. ராஜன் அவருடைய மந்திரி சபையில் அங்கம் வகித்தார் என்பதையும் இவ்விடத்தில் குறிப்பிடலாம்.

ஆலயப் பிரவேசம் அவர் காலத்தில் தோன்றிய புதுப் பிரச்சினையன்று. 1939-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் மதுரை மீனாக்ஷியம்மன் திருக்கோயிலுள் வைத்தியநாதய்யர் ஹரிஜன அன்பர்களை அழைத்துச் சென்றார். அதனையொட்டி ராஜாஜியின் ஆட்சி ஒரு சட்டம் செய்தது. எனினும் அச்சட்டம் தர்மகர்த்தாக்களின் இசைவை எதிர்பார்த்து நின்றது. தர்மகர்த்தா விரும்பினால், வழிபடுவோரின் கருத்தும் அனுகூலமாக இருந்தால், அரசின் அனுமதி பெற்றுக் கோயிலைத் திறக்கலாம். விரும்பாவிடில் கதவு மூடியே இருக்கும். ஓர் ஊரில் திறந்த கோயில், அடுத்த ஊரில் அடைத்த கோயில் என்னும் நிலை எட்டாண்டுகள் நீடித்தது.

1947-ஆம் ஆண்டின் ஐந்தாவது சட்டம் அந்த நிலையை மாற்றியது. பிறப்பினால் எவ்வகுப்பினரானாலும் ஹிந்துவாக உள்ள எவரும் எந்த ஹிந்து ஆலயத்திலும் மற்றவர் போலவே நுழைந்து, மற்றவர் வழிபடும் அளவிற்கு வழிபடலாம். கோயிலுக்கு உரிய திருக்குளத்தையும் பயன்படுத்தலாம். தடுப்பவர் தண்டனைக்குரியவர் என்று அது விதித்தது. அதே ஸமயம் ஆலயத்தின் ஒழுங்கிற்கும் தூய்மைக்கும் வேண்டிய விதிகளை வகுத்துக்கொள்ளும் உரிமையைத் தர்மகர்த்தாக்களிடமே விட்டுவைத்தது. கர்ப்பக்ருஹத்தில் அர்ச்சகரன்றிப் பிறர் புகலாகாது என்னும் ஆகம மரியாதை எல்லோருக்கும் ஒன்றுபோல் நின்றது. இந்த நுட்பம் கவனிக்கத்தக்கது. ஆகமத்தை மாற்றச் சட்டம் முற்படவில்லை; ஆகமத்தின் பெயரால் ஒரு ஸமூகத்தாரை மாத்திரம் வீதியில் நிறுத்தியதையே விலக்கியது.

வைதிகர் பலர் அன்று கலங்கினர். கோயிலின் ஸாந்நித்யம் குறைந்துவிடுமென்று அஞ்சியவர்களும் உண்டு. ரெட்டியாரைத் தாடியில்லாத ராமஸாமி என்று ஏளனம் செய்தவர்களும் உண்டு. ஈரோட்டு ராமஸாமி நாயக்கரோடு ஒப்பிட்டு எழுந்த கேலி அது. இரண்டு ராமஸாமிகளும் ஒருவரல்லர் என்பதற்கு நிகழ்ச்சிகளே சான்று. ஈரோட்டாரின் கருஞ்சட்டைப் படையை 1948-ஆம் ஆண்டில் தடை செய்ததும் இதே ஓமந்தூராரின் அரசாங்கந்தான். ஒருவர் கோயிலே வேண்டாம் என்றவர். மற்றவர் கோயில் எல்லோருக்கும் வேண்டும் என்றவர்.

நம் ஸம்ப்ரதாயத்தை உள்ளபடி அறிந்தவர்களுக்கு இதில் கலங்குவதற்கு என்ன இருந்தது? லோகஸாரங்க முனிவரின் தோளில் எழுந்தருளித் திருவரங்கனின் ஸந்நிதி புகுந்த திருப்பாணாழ்வாரை ஸந்நிதி தோறும் எழுந்தருளப் பண்ணித் திருவாராதனம் நடக்கிறது. மாறனேரி நம்பிக்குப் பெரிய நம்பிகள் தம் திருக்கையால் சரம கைங்கர்யம் செய்த வரலாற்றை ஆசார்யர்கள் உபந்யாஸங்களில் உருக்கமாகச் சொல்வர். எம்பெருமானார் மேல்கோட்டையில் திருக்குலத்தார் என்று பெயரிட்டு அன்னாரைக் கோயிலுக்குள் அழைத்தார். இவற்றையெல்லாம் சொல்லிக்கொண்டே வாசலில் நின்றவரை உள்ளே வா என்று அழைக்க ஒரு ஸர்க்காரின் சட்டம் வேண்டியிருந்தது என்பது ஆசார்யர்களுக்குக் குறையன்று; அவர்தம் வழி வந்ததாகச் சொல்லிக்கொண்டவர்களுக்கே குறை. ரெட்டியார் இவ்வரலாறுகளை ஆதாரமாக்கி வாதம் புரிந்தவரல்லர். ஓர் எளிய பக்தரின் நேர்மையால் அவர் அதே இடத்தை வந்தடைந்தார்.

அதே 1947-இல் தேவதாஸி முறைக்கும் முடிவு வந்தது. பெண்களைப் பொட்டுக்கட்டிக் கோயிலுக்கு அர்ப்பணிப்பதைத் தடுக்க டாக்டர் முத்துலக்ஷ்மி ரெட்டி அம்மையார் 1920-களின் இறுதியிலிருந்து சட்டசபையிலும் வெளியிலும் போராடியும் நிறைவேறாதிருந்த காரியம், ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின் ரெட்டியாரின் ஆட்சியில் சட்டமாயிற்று. சங்கீதமும் நாட்டியமும் அழியுமென்று வருந்தியவர்கள் அன்று இருந்தனர். அக்கலைகள் அழியவில்லை என்பது இன்று கண்கூடு. மது விலக்கு விஷயத்திலும் அவர் உறுதியாக நின்றார். சில ஜில்லாக்களில் மட்டும் இருந்த மதுவிலக்கு, காந்தியடிகள் மறைந்த ஆண்டின் அக்டோபர் 2-ஆம் நாள் மாகாணம் முழுமைக்கும் விரிந்தது. கள்ளுக்கடைக் குத்தகையால் கஜானாவுக்கு வந்த பெருந்தொகை போயிற்று. அந்த நஷ்டத்தை அறிந்தே அவர் செய்தார். சட்டம் குடியை வேரோடு களைந்ததா என்பது வேறு விஷயம். பிற்கால அநுபவம் அதற்கு விடை தந்துவிட்டது.

இனி, இவ்வூருக்கு நேராக ஸம்பந்தப்பட்ட ஜமீன் ஒழிப்பைச் சற்று விரிவாகவே காணலாம்.

1802-ஆம் ஆண்டில் கும்பெனி ஸர்க்கார் கொண்டுவந்த நிரந்தரத் தீர்வைத் திட்டத்தின் வழியாகப் பல பாளையங்கள் ஜமீன்களாயின. ஜமீன்தார் ஸர்க்காருக்குச் செலுத்தும் பேஷ்கஷ் என்றென்றைக்கும் மாறாதது. உழவன் ஜமீன்தாருக்குச் செலுத்தும் தொகைக்கோ அத்தகைய வரம்பு கிடையாது. பக்கத்து ரயத்துவாரி கிராமத்தில் ஒரு விலை, எல்லைக் கல்லைத் தாண்டிய ஜமீன் கிராமத்தில் அதே மண்ணுக்கு வேறு விலை. 1908-ஆம் ஆண்டு எஸ்டேட் நிலச் சட்டம் குடிகளுக்கு ஸாகுபடி உரிமையை உறுதிப்படுத்தியது உண்மை. ஆயினும் பட்டா முச்சலிக்கா வழக்குகளும், தீர்வை பாக்கிக்காக நடந்த ஜப்திகளும் நின்றபாடில்லை. ஏரி மராமத்து யார் கடமை என்ற தகராறிலேயே பல ஏரிகள் தூர்ந்தன. உடையார்பாளையம் பகுதி வற்றாத ஆற்றுப் பாசனம் உடையதன்று. வானம் பார்த்த செம்மண் பூமியே மிகுதி. கம்பும் வரகும் கடலையும் முந்திரியும் விளையும் இம்மண்ணில், ஒரு வருஷம் மழை பொய்த்தால் தீர்வை செலுத்த மாட்டை விற்க வேண்டும். அடுத்த வருஷம் மழை பெய்தால் உழ மாடு இராது.

நிலமும் மழையும் அறிந்த ரெட்டியாருக்கு இதை எவரும் அறிக்கை எழுதி விளக்க வேண்டியிருக்கவில்லை. பிரகாசம் அவர்களின் தலைமையில் அமைந்த கமிட்டி 1938-லேயே ஜமீன் குடிகளின் துயரை விரிவாக எடுத்துரைத்திருந்தது. அரசியல் மாற்றங்களால் அது செயலாகாமல் நின்றது. ரெட்டியாரின் ஆட்சியில் முதலில் 1947-ஆம் ஆண்டின் முப்பதாவது சட்டத்தால் எஸ்டேட் நிலங்களின் வாரத் தொகை அக்கம்பக்கத்து ரயத்துவாரித் தீர்வையின் அளவிற்குக் குறைக்கப்பட வழி செய்யப்பட்டது. முழு ஒழிப்பு வரும்வரையில் குடிகள் காத்திருக்கலாகாது என்னும் கருத்தால் இது முற்பட வந்தது. உழவனுக்கு அடுத்த போகம்தான் காலம். சட்டசபையின் காலக் கணக்கு அவனுக்கு உதவாது.

பின்னர் 1948-ஆம் ஆண்டின் இருபத்தாறாவது சட்டமாக எஸ்டேட் ஒழிப்பும் ரயத்துவாரி மாற்றமும் சட்டசபையில் நிறைவேறின. கவர்னர் ஜெனரலின் ஸம்மதம் 1949 ஏப்ரல் 2-ஆம் நாள் கிடைத்தது. ரெட்டியார் பதவியில் இருக்கப்போவது அதன்பின் நான்கே நாட்கள் என்பது விதியின் விளையாட்டு. அச்சட்டத்தின்படி ஜமீன்தார்களுக்கு நஷ்டஈடு உண்டு. அவர்கள் தாமே பயிரிட்டு வந்த பண்ணை நிலங்களுக்குப் பட்டாவும் உண்டு. குடிகள் நேரே ஸர்க்காரின் பட்டாதாரர்களாயினர். ஏரி, வாய்க்கால், மேய்ச்சல் புறம்போக்கு, காடு ஆகியவை ஸர்க்கார் வசம் வந்தன. உடையார்பாளையம் ஜமீனும் இம்முறையில் நீங்கிற்று. தலைமுறை தலைமுறையாக ஜமீன் கச்சேரியின் திண்ணையில் காத்து நின்றவர்கள் தங்கள் பெயரில் பட்டா பெற்றனர்.

இதனால் கோயில்களுக்கு நேர்ந்தது யாது? இதை மறைத்துச் சொல்லுதல் நியாயமாகாது. கோயிலே நிலச்சுவான்தாராக இருந்த எஸ்டேட் கிராமங்கள் ஸர்க்காரிடம் சென்றதற்கு ஈடாக ஆண்டுதோறும் தஸ்திக் படி வழங்குமாறு சட்டம் வகை செய்தது. தெய்வ காரியத்திற்கு உரிய வருமானத்தை உலகியல் வருமானத்தினின்று வேறுபடுத்திப் பார்த்த இந்த விதி நல்லெண்ணத்தில் பிறந்ததே. எனினும் அத்தொகை பணமாகக் கணக்கிடப்பட்டது. நெல்லாக வந்தது ரூபாயாக மாறியது. அரிசியின் விலை ஏற ஏற, தளிகைக்கு அந்த ரூபாய் போதாததாயிற்று. நெய் விளக்கு எண்ணெய் விளக்காயிற்று. எண்ணெயும் அளந்து வார்க்கப்பட்டது. உழவராகிய ரெட்டியார் நெல்லின் கணக்கில் அதை நிர்ணயித்திருக்கலாகாதா என்னும் வருத்தம் அர்ச்சக ஸமூகத்தில் பல காலம் இருந்தது. அவ்வருத்தத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஜமீன்தார்கள் மனமுவந்து கொடுத்துவந்த உத்ஸவச் செலவு, பட்டு, பரிவட்டம், வித்வத் ஸம்பாவனை முதலியவற்றுக்கோ எந்தச் சட்டமும் ஈடு செய்ய இயலாது. கொடுத்த கை ஓய்ந்தபின் கொடையும் ஓய்ந்தது. சில ஸந்நிதிகளில் பல ஆண்டுகள் திருத்தேர் ஓடவில்லை.

ஆயினும் உத்ஸவங்கள் அடியோடு நின்றுவிடவில்லை. மண்டகப்படி என்பது ஒரு வீட்டின் உரிமை என்றிருந்த இடங்களில், தெருவுக்கு ஒன்று, தொழிலுக்கு ஒன்று என உபயதாரர்கள் எழுந்தனர். வாசலுக்கு வெளியே நின்றவரின் பிள்ளைகளும் உபயதாரராயினர். ஜமீனை நீக்கிய சட்டமும் கதவைத் திறந்த சட்டமும் ஒரே கையால் ஆனவை. ஒன்றால் நேர்ந்த குறையை மற்றொன்று பெருமளவு நிரப்பிற்று என்று கொள்வது தவறாகாது.

கோயில் சொத்துக்களைப் பற்றியும் அவருக்கு அழுத்தமான கருத்திருந்தது. 1920-களில் தோன்றிய ஹிந்து மத பரிபாலன போர்டு, மடங்களையும் பெரிய கோயில்களையும் செவ்வனே கண்காணிக்கப் போதாது என அவர் கருதினார். அவருடைய காலத்தில் உருவான மசோதா, அவர் விலகிய பின்னர் 1951-ஆம் ஆண்டுச் சட்டமாக வந்து, போர்டுக்குப் பதிலாகக் கமிஷனரின் இலாகாவைத் தோற்றுவித்தது. மடாதிபதிகள் சிலர் நியாயஸ்தலம் சென்றனர். 1954-இல் உச்ச நீதிமன்றம் சிரூர் மடத்து வழக்கில் சட்டத்தின் சில பகுதிகளைத் தள்ளிவிட்டது. கோயிலின் பணம் பெருமாளுடையது, அதற்குக் கணக்கு வேண்டும் என்பது ரெட்டியாரின் நிலை. கணக்குக் கேட்பவர் கோயிலின் உள்விவகாரத்தில் எவ்வளவு தூரம் வரலாம் என்னும் கேள்வி இன்றளவும் தீர்ந்தபாடில்லை.

உத்தியோகங்களில் வகுப்புவாரி முறையை அவருடைய அரசு 1947-இல் திருத்தியது. பதினான்கு இடங்களில் பிற்பட்ட ஹிந்துக்களுக்கென இரண்டு இடங்கள் அப்போதுதான் முதன்முறையாகத் தனியே ஒதுக்கப்பட்டன. பிராம்மணர்களுக்கு இரண்டு, ஹரிஜனங்களுக்கு இரண்டு. இது குறித்து மனக்கசப்பு கொண்டவர்கள் இருந்தனர். அக்ரஹாரத்துப் பிள்ளைகள் சிலர் வடக்கே பம்பாய், டில்லி என்று பிழைப்பைத் தேடிப் போனது இக்காலத்துச் செய்திகளில் ஒன்று. முடிதிருத்துவோர், குயவர், மீனவர் வீட்டுப் பிள்ளைகள் கச்சேரிகளில் அமரத் தொடங்கியதும் அதே காலத்துச் செய்திதான். மகாகவி பாரதியாரின் நூல்களை அரசு 1949-இல் பொதுவுடைமையாக்க முனைந்ததும் அவருடைய ஆட்சியிலேயே.

இத்தனை செய்தவர் இரண்டே ஆண்டுகளில் பதவியிலிருந்து நீங்க நேர்ந்ததன் காரணம் இவற்றுள் எதுவுமன்று. அது யுத்தத்திற்குப் பிற்பட்ட தட்டுப்பாட்டின் காலம். அரிசி, துணி, மண்ணெண்ணெய், சர்க்கரை, இரும்பு, ஸிமெண்டு அனைத்தும் கட்டுப்பாட்டில் இருந்தன. லைசென்ஸுக்கும் பெர்மிட்டுக்கும் ஸர்க்காரை அண்டாமல் ஒரு வியாபாரமும் நடவாது. சட்டசபை உறுப்பினர் என்றால் தம் தொகுதியார்க்குப் பெர்மிட் வாங்கித் தருபவர், உத்தியோகஸ்தரை மாற்றித் தருபவர் என்று மக்களும் எண்ணினர், உறுப்பினர்களும் எண்ணினர். ரெட்டியார் இவ்விரண்டையும் ஒப்பவில்லை. உறுப்பினர்களின் சிபாரிசு நிர்வாகத்தில் தலையிடுவதை அவர் பொறுக்கவில்லை. தம் உறவினர்க்கும் தம் ஊரார்க்கும் எந்தக் கதவை அடைத்தாரோ, அதே கதவைத் தம் கட்சியினர்க்கும் அடைத்தார்.

இதில் இரு பக்கத்து நியாயமும் உண்டு. தொகுதி மக்கள் கொண்டுவந்த குறைகள் யாவும் சுயநலமானவை அல்ல. கிராமத்துக்குக் கிணறு கேட்டவனும், தவறாகப் போடப்பட்ட தீர்வையை நீக்கக் கேட்டவனும், கள்ளச் சந்தைக்காரனும் ஒரே வாசலில்தான் நின்றனர். எல்லோரையும் ஒரே கண்ணால் நோக்கியதில் சில நியாயமான விண்ணப்பங்களும் தாமதப்பட்டிருக்கலாம். ஆனால் ஒருவர்க்குக் காட்டும் சலுகை மற்றொருவர்க்குச் செய்யும் அநியாயம் என்பதில் அவர் தெளிவாயிருந்தார். ஒருவனுக்குப் பெர்மிட் வாங்கித் தருவதைவிட, ஆயிரம் பேருக்குப் பட்டா வாங்கித் தருவதே ஜனப்பிரதிநிதியின் கைங்கர்யம் என்பதே அவருடைய செயல்கள் காட்டும் கொள்கை.

கட்சியில் அதிருப்தி பெருகிற்று. அவரைப் பதவிக்குக் கொண்டுவந்தவர்களே அவர் தங்கள் சொல்லைக் கேளாதவர் என்று கருதத் தலைப்பட்டனர். 1949 ஏப்ரல் 6-ஆம் நாள் அவர் விலகினார், ராஜபாளையம் பூ. ச. குமாரஸாமி ராஜா முதல்வரானார். போன பதவியைத் திரும்பப் பெற ரெட்டியார் எந்த முயற்சியும் செய்யவில்லை. எதிர்க்கட்சி தொடங்கவில்லை, யாரையும் தூற்றவில்லை.

அதன்பின் அவர் சென்றது வடலூருக்கு. உடையார்பாளையத்திலிருந்து ஜயங்கொண்டம், மீன்சுருட்டி வழியே வடக்கு நோக்கிச் சென்று சேத்தியாத்தோப்பைக் கடந்தால் அடையும் தலம் அது. வழியில் சற்று விலகினால், நாதமுனிகள் அவதரித்த வீரநாராயணபுரமாகிய காட்டுமன்னார்கோயிலையும் ஸேவிக்கலாம். வடலூரில் வள்ளலாரின் ஸத்திய ஞான ஸபைக்கு அருகில் ரெட்டியார் சுத்த ஸன்மார்க்க நிலையம் என்னும் தர்ம ஸ்தாபனத்தை நிறுவினார். அநாதைப் பிள்ளைகளுக்கு இல்லம், ஏழைகளுக்குப் பள்ளி, வைத்திய வசதி என்று அவருடைய எஞ்சிய காலம் சென்றது. மாகாணம் முழுமையும் ஆண்டவர் ஒரு விடுதியின் பிள்ளைகளுக்குச் சோறு வேளைக்கு வந்ததா என்று விசாரிக்கும் வாழ்வில் இருபது ஆண்டுகளுக்கு மேல் நிறைவு கண்டார். வள்ளலாரின் ஸ்தலத்தில் அன்னதானத்தின் அடுப்பு அணைவதில்லை என்பது உலகறிந்தது. உழவர்க்கு உகந்த இடத்தையே அவர் தெரிந்தெடுத்தார்.

1970-ஆம் ஆண்டு ஆகஸ்டு 25-ஆம் நாள் அவர் பரமபதம் அடைந்தார். சென்னை அண்ணா ஸாலையில் ஸர்க்காருக்கு உரிய பெருந்தோட்டம் அவர் பெயரால் ஓமந்தூரார் அரசினர் தோட்டம் என வழங்குகிறது. அங்கே 2010-இல் புதிய சட்டசபைக்கென எழுப்பப்பட்ட மாளிகை, 2014 முதல் பன்னோக்கு மருத்துவமனையாக நடந்துவருகிறது. உடையார்பாளையம், ஜயங்கொண்டம் பக்கத்திலிருந்தும் நோயாளிகள் ரயிலேறியும் பஸ்ஸேறியும் அங்கே செல்கின்றனர்.